பின்னாலிருந்து எண்ணுங்கள்!

(பட்டிமன்றம் நடந்த இடம்: திருச்செந்தூர். தலைப்பு: 'வீட்டிலேயே படிக்கும் பிள்ளை கல்லூரிப் படி ஏறப் பெரிதும் துணை நிற்பது பிள்ளையின் விருப்பமா? பெற்றோரின் திட்டமா?' 'திட்டமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரியின் உரை.)



நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசின தம்பி ஒரு கேள்வி கேட்டார். "மீன்குஞ்சுக்கு யாராவது நீச்சல் கத்துக் குடுக்காங்களா? பிள்ளையை அவன் விருப்பத்துக்கு விட்டா அவனே நீந்திடுவான்"னார். நல்லா கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா தம்பி, மீன்குஞ்சு கல்லூரியிலே சேரணும்னா, அதுகிட்டேயும் மார்க் ஷீட் கேப்பாங்களே! (சிரிப்பு)

நாம இருக்கிறது திருச்செந்தூர். இந்த ஊருக்கே ஒரு கதை உண்டு. ஸ்ரீவைகுண்டத்திலே ஒரு பிள்ளை. அஞ்சு வயசு வரைக்கும் வாய் பேசலை. இன்னிக்குன்னா எல்.கே.ஜி. நேர்முகத்திலேயே, "மன்னிக்கணும், இடமில்லே"ன்னு அனுப்பியிருப்பாங்க. (சிரிப்பு) அந்தப் பிள்ளையைப் பெத்தவங்க என்ன செஞ்சாங்க? "அவனுக்கு எப்ப விருப்பம் வருதோ அப்பப் பேசட்டும்"னு திண்ணையிலே சாஞ்சுக்கிட்டா இருந்தாங்க? ஸ்ரீவைகுண்டத்திலேருந்து இங்கே தூக்கிட்டு வந்தாங்க. ஒரு மண்டலம் தங்கினாங்க. நாள் எண்ணி விரதம் இருந்தாங்க. அதுக்குப் பேரு என்ன? திட்டம்! (கைதட்டல்) அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர். வாய் திறந்ததும் கந்தர் கலிவெண்பா பாடினார்னு சொல்வாங்க. பாட்டு பிள்ளையோடது, ஒத்துக்கிடுதேன். பயணம் பெத்தவங்களோடது!

ஐயா, நான் வீட்டுக் கல்வியைக் குறை சொல்ல வரலை. நானே என் மகனை வீட்டிலே வச்சுப் படிக்க வச்சவ. ஏன் வச்சேன்னு சொல்லணும், இல்லேன்னா நான் பேசறதுக்கு அர்த்தமில்லை.

என் மகனுக்குத் திக்குவாய். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் எந்திரிச்சு நின்னு பாடம் வாசிக்கச் சொன்னாங்க. அவன் முதல் எழுத்திலேயே மாட்டிக்கிட்டான். வகுப்பே சிரிச்சுது. சிரிப்பை அடக்க வேண்டியவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் பேசவே இல்லை. மூணு நாள். நாலாம் நாள் நானும் அவங்க அப்பாவும் முடிவு பண்ணினோம். எய்யா, நீ வீட்டிலேயே படி.

நம்ப மாட்டீங்க, அடுத்த வருஷம் மாதிரி ஒரு நல்ல வருஷம் எங்க வீட்டிலே வந்ததில்லே. காலையிலே அமலிநகர்க் கரைக்குப் போவான். வல்லம் கரை சேரும்போது நிப்பான். சாளை எது, சீலா எது, பாறை எது, எந்த மாசம் எந்த மீனு, எந்தக் காத்துக்கு எந்த வலை, அத்தனையும் மீன்பிடிக்கிற பெரியவங்க வாயிலேருந்து கத்துக்கிட்டான். உடன்குடிப் பக்கம் எங்க சித்தப்பா வீட்டுக்குப் போனா, கருப்பட்டி காய்ச்சற இடத்தை விட்டு வரமாட்டான். "பனையேறுற தாத்தா கலயத்துக்குள்ளே ஏன் சுண்ணாம்பு தடவுதாரு?"ன்னு கேப்பான். "பதநீ புளிச்சுக் கள்ளாகாம இருக்கத்தான்"னு சித்தப்பா சொல்லுவாரு. அது வேதியியல் இல்லையா? எதிரணியிலே சொன்னாங்களே, வாழ்க்கைதான் பள்ளிக்கூடம்னு, அதை நான் கண்ணாலே பாத்தவ.

அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

பதினஞ்சு வயசிலே தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலே பத்தாம் வகுப்புக்குப் பதிவு பண்ணினோம். தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். இது மத்திய அரசு நிறுவனம். 1979இலே சின்னத் திட்டமா ஆரம்பிச்சது. 1989இலே தனி நிறுவனமாச்சு. பள்ளிக்கூடம் போகாமலே, வீட்டிலே படிச்சு, பத்தும் பன்னிரண்டும் எழுதலாம். பத்தாம் வகுப்புக்குப் பதினாலு வயசு நிறைஞ்சிருந்தாப் போதும். அஞ்சு பாடம் தேறணும், அதிலே ஒண்ணாவது மொழிப் பாடமா இருக்கணும். ஒரு தடவை பதிவு செஞ்சா அஞ்சு வருஷம் செல்லும். வருஷத்துக்கு ரெண்டு தேர்வு. ஒரே மூச்சிலே அஞ்சும் எழுதணும்னு இல்லை. இப்ப ரெண்டு, அப்புறம் மூணுன்னு பிரிச்சும் எழுதலாம்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! பாடத்தையும் நாமே பொறுக்கிக்கிடலாம். எங்களுக்கு வினையே அந்தப் பொறுக்கலிலேதான் வந்தது. "எய்யா, உனக்கு எது பிடிக்குதோ அதை எடு"ன்னேன். அவன் தமிழ் எடுத்தான், இங்கிலீஷ் எடுத்தான், சமூக அறிவியல் எடுத்தான், ஓவியம் எடுத்தான், மனையியல் எடுத்தான். கணக்கு? "வேண்டாம்மா." அறிவியல்? "அப்புறம் பாக்கலாம்மா." சரின்னுட்டேன். தேறிட்டான். வீட்டிலே பாயசம். (சிரிப்பு) பன்னிரண்டுக்கும் அதே மாதிரி எடுத்தோம். ரெண்டு பேப்பர் எழுதியும் முடிச்சான்.

அப்பத்தான் ஒரு நாள் வந்து சொல்லுதான்: "எம்மா, நான் மீன்வளம் படிக்கணும். தூத்துக்குடியிலே காலேஜ் இருக்குல்லா?"

இருக்கு. 1977இலேருந்து இருக்கு. நம்ம ஊரிலேருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரம். நாலு வருஷமா மீனோட வாழுத பிள்ளை, அவனுக்கு அங்கே இடம் இல்லாம வேறே யாருக்கு? சந்தோஷமா விசாரிக்கப் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பன்னிரண்டிலே உயிரியல், இயற்பியல், வேதியியல் இருக்கா?" இல்லை. ஓவியம் இருக்கு! (அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, அவனுக்கு மீனைப் பத்தி எல்லாம் தெரியும். எந்த மீன் எப்பக் குஞ்சு பொரிக்கும்னு தெரியும். ஆனா அது எந்தத் தாளிலேயும் இல்லை. கல்லூரிக் கதவிலே உக்காந்திருக்கிறவருக்குத் தாள்தான் தெரியும். அவர் மேலே தப்பில்லை. தப்பு என் மேலே. பிள்ளைக்கு விருப்பம் இருந்தது. எனக்குத் திட்டம் இல்லை.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அவன் ஆறாம் வகுப்பிலேருந்து அரசுப் பள்ளியிலேதான் படிச்சான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படிச்ச பிள்ளைகளுக்கு நம்ம மாநிலத்திலே 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலே வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இதுக்கெல்லாம் 2021இலே சட்டம் போட்டாங்க. எட்டாம் வகுப்பிலே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே அந்தக் கதவை நான் சாத்திட்டேன். தெரிஞ்சு சாத்தியிருந்தா வருத்தமில்லே. பிள்ளை மனசு பெருசு, ஒதுக்கீடு சின்னதுன்னு நினைச்சுச் சாத்தியிருப்பேன். ஒரு கதவைச் சாத்தறோம்னே தெரியாமச் சாத்தினேன் பாருங்க, அதுதான் வலிக்குது. பெண் பிள்ளைகளைப் பெத்தவங்களும் இதைக் கேட்டுக்கணும். 'புதுமைப்பெண்' திட்டத்திலே மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்காங்களே, அதுக்கும் ஆறிலேருந்து பன்னிரண்டு வரை எங்கே படிச்சான்னுதான் கேள்வி.

இப்ப எதிரணிக்கு வாரேன். முதல்லே பேசின சகோதரி ராமானுஜனைக் கூட்டிட்டு வந்தாங்க. "கணக்கு ஒண்ணையே விரும்பினார், உலக மேதையானார்"னாங்க. சரிதான். மீதிக் கதையையும் சொல்லுங்கம்மா! 1904இலே கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே உதவித்தொகையோட சேர்ந்தார். கணக்கைத் தவிர மத்த பாடத்தைத் தொடலை. உதவித்தொகை போச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறலை. 1912இலே துறைமுகத்திலே முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதினார். 1913இலே கேம்பிரிட்ஜிலேருந்து ஹார்டின்னு ஒருத்தர் கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சார், விளக்கு எரிஞ்சது. அந்தக் கடிதம் வேறே யார் கையிலேயாவது போயிருந்தா? குப்பைக் கூடை! ஒரு ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைச்சார். நம்ம பிள்ளைக்கு ஹார்டி வருவார்னு பஸ் ஸ்டாண்டிலே காத்துக்கிட்டு நிக்க முடியுமாங்க? (கைதட்டல்)

தம்பி இன்னொரு பேரும் சொன்னார். மும்பையிலே மாளவிகா ஜோஷின்னு ஒரு பொண்ணு. பத்தும் எழுதலை, பன்னிரண்டும் எழுதலை, 2016இலே பதினேழு வயசிலே அமெரிக்காவிலே எம்.ஐ.டி.யிலே இடம் கிடைச்சுதுன்னார். உண்மை. நான் அந்தப் பொண்ணுக்குத் தலை வணங்குதேன். ஆனா தம்பி, எதுனாலே கிடைச்சது? சர்வதேசக் கணினி ஒலிம்பியாட் போட்டிப் பதக்கங்களாலே கிடைச்சது. அந்தப் போட்டிக்குப் பயிற்சி எடுத்து, நம்ம சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலே பெரிய படிப்புப் பாடங்களைப் படிச்சு, வருஷக்கணக்கா உழைச்சதாலே கிடைச்சது. அது விருப்பமா, திட்டமா? இன்னொண்ணு. அதே பொண்ணுக்கு நம்ம நாட்டு ஐ.ஐ.டி.யிலே சேர வழியில்லே. ஏன்? பன்னிரண்டு இல்லை! எம்.ஐ.டி. கதவு திறந்தது, ஐ.ஐ.டி. கதவு திறக்கலை. ஆக, எந்தக் கதவு எதைக் கேக்கும்னு முன்னாலேயே தெரிஞ்சிருக்கணும். நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

சரி, எப்படித் திட்டம் போடறது? வீட்டிலே பிள்ளையை வச்சிருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்லுதேன்.

இங்கே பக்கத்திலே குலசேகரப்பட்டினம். தசரான்னாத்தான் முன்னாலே தெரியும். இப்ப ராக்கெட் ஏவுதளம் கட்டுதாங்க. 2024 பிப்ரவரியிலே அடிக்கல் நாட்டினாங்க. ராக்கெட் விடறவங்க எப்படி எண்ணுவாங்க? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா? பத்து, ஒன்பது, எட்டுன்னு பின்னாலேருந்து எண்ணுவாங்க. (கைதட்டல்) பிள்ளை படிப்பையும் அப்படித்தான் எண்ணணும். பிள்ளைக்குப் பதினாலு வயசாகும்போது நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. பென்சிலாலே எழுதுங்க, பேனா வேண்டாம். பிள்ளை மனசு மாறும், நாம அழிச்சு எழுதணும்.

கடைசிப் பக்கத்திலே, பிள்ளை போகக்கூடிய மூணு கதவை எழுதுங்க. ஒண்ணு இல்லை, மூணு. அதுக்கு முந்தின பக்கத்திலே, ஒவ்வொரு கதவும் பன்னிரண்டிலே என்ன பாடம் கேக்குதுன்னு எழுதுங்க. நம்ம மாநிலப் பொறியியல் சேர்க்கைன்னா கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, ஆக இருநூறுக்குத்தான் தரவரிசை. மருத்துவம்னா நீட் தேர்வு, அதுக்கு உயிரியலும் சேர்த்து வேணும். திறந்தநிலைப் பள்ளியிலே படிச்சவங்க நீட் எழுத முடியாதுன்னு ஒரு விதி இருந்தது. 2018இலே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. விதி மாறும் பாத்தீங்களா? அதனாலே வருஷா வருஷம் அந்தக் கல்லூரியோட விவரக் கையேட்டைப் புதுசா வாங்கி வாசிங்க. பக்கத்து வீட்டு மாமா சொன்னாருன்னு நம்பாதீங்க. மாமா சொல்லுதது போன விதி! (சிரிப்பு)

அதுக்கு முந்தின பக்கம் பத்தாம் வகுப்பு. இங்கே ரெண்டு வழி. நம்ம மாநிலப் பாடத்திட்டத்திலே தனித்தேர்வரா எழுதலாம். அப்படின்னா அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாப் பதிவு பண்ணணும், அதை விட்டுடாதீங்க. இல்லேன்னா திறந்தநிலைப் பள்ளி. எந்த வழியானாலும் கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷையும் விடாதீங்க. பிடிக்கலேன்னாலும் விடாதீங்க. சென்னை ஐ.ஐ.டி. 2020இலே தரவு அறிவியல் பட்டப் படிப்பு ஒண்ணு ஆரம்பிச்சது. வீட்டிலேருந்தே படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, அவங்களே ஒரு தகுதித் தேர்வு வைக்காங்க. நம்ம பிள்ளைகளுக்குன்னே செஞ்ச மாதிரி படிப்பு! ஆனா என்ன கேக்காங்க தெரியுமா? பத்தாம் வகுப்பிலே கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். பதினஞ்சு வயசிலே பயந்து விட்ட கணக்கு, பதினெட்டு வயசிலே வாசல்லே வந்து நிக்கும்!

அப்ப ஓவியம்? ஓவியத்தை யார் விடச் சொன்னா? அஞ்சு பாடத்துக்கு மேலே இன்னும் ரெண்டு பாடம் கூடுதலா எடுக்க அங்கேயே இடம் இருக்கு. ஆறாவதா ஓவியம் எடுத்திருக்கலாம். என் மகன் வரைஞ்ச மீனும் இருந்திருக்கும், அவன் படிச்ச மீனும் இருந்திருக்கும். அன்னைக்கு எனக்கு அது தோணலை.

காலக் கணக்கையும் பாருங்க. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலே ரெண்டு வருஷ இடைவெளி வேணும். பத்தைத் தள்ளிப் போட்டா பன்னிரண்டும் தள்ளிப் போகும். கடைசியா, யார் சொல்லிக் குடுப்பாங்கன்னு ஒவ்வொரு பாடத்துக்கு நேரேயும் எழுதுங்க. தமிழுக்குத் தாத்தா போதும். இயற்பியலுக்குத் தாத்தா போதுமா? ஆய்வுக்கூடம் எங்கே? அதுக்குப் படிப்பு மையம் எது? பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாத்திலேயும் பேரும் தலையெழுத்தும் ஒண்ணா இருக்கா? இதையெல்லாம் பதினாலு வயசிலே கேட்டா வேலை. பதினேழு வயசிலே கேட்டா கண்ணீர்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடிச்சிடுதேன் ஐயா, ஒரே நிமிஷம். எதிரணிக்காரங்க கேப்பாங்க, "திட்டம் போட்டா வீடும் பள்ளிக்கூடம் ஆயிடாதா? அதிலேருந்துதானே பிள்ளையைக் காப்பாத்தினீங்க?"ன்னு. நியாயமான கேள்வி. நான் சொல்லுதேன், காலையிலே அமலிநகர்க் கரைக்குப் போறதுக்கு நோட்டிலே ஒரு பக்கம் ஒதுக்குங்க. அதை யாரும் தொடக்கூடாது. கடலுக்குப் போறவங்களைப் பாருங்க. அவங்களை விடச் சுதந்திரமான ஆளு உண்டா? ஆனா கரைக்கு வரும்போது கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம்னு பாக்காம வருவாங்களா? விளக்கு வல்லத்தைக் கட்டிப் போடலையே! வீடு எந்தப் பக்கம்னு காட்டுது. (கைதட்டல்)

என் மகன் திரும்பவும் முதல்லேருந்து பன்னிரண்டுக்குப் பதிவு பண்ணினான். உயிரியல், இயற்பியல், வேதியியல் எல்லாம் எடுத்தான். கூடப் படிச்ச பயலுக கல்லூரியிலே ரெண்டாம் வருஷம். இவன் எங்க வீட்டுச் சமையல்கட்டிலே உக்காந்து இயற்பியல் கணக்குப் போட்டான். ரெண்டு வருஷம் போச்சு. இப்பத் தேர்வு எழுதி முடிச்சிருக்கான். முடிவு இன்னும் வரலை. கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியாது.

இன்னைக்குப் பேசப் போறேன்னதும், "உன் கதையைச் சொல்லட்டுமா எய்யா?"ன்னு அவன்கிட்டே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம், நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்தையும் விடாமச் சொன்னான்: "சொ... சொல்லும்மா. வே... வேறே பிள்ளைக்காவது நே... நேரத்திலே நோட்டு வாங்கட்டும்."

மூணாவது வரிசையிலே உக்காந்திருக்கான். அவனுக்காக ஒரு தடவை கை தட்டுங்க. (நீண்ட கைதட்டல்)

விருப்பம் பிள்ளையோடது. அதை யாரும் குடுக்க முடியாது. அந்த விருப்பம் கல்லூரி வாசல்லே தடுக்கி விழாம இருக்கணும்னா, பெத்தவங்க கையிலே ஒரு பென்சில் இருக்கணும். ஆகவே நடுவர் அவர்களே, பெரிதும் துணை நிற்பது திட்டமே, திட்டமே!